முதியவருக்கான ஊட்டச்சத்துப் பானங்கள்: லேபிளில் இருப்பதும் வயிற்றுக்குள் போவதும்

புற்றுநோய் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் முதியவர்களுக்காக விற்கப்படும் ஊட்டச்சத்துப் பானங்களை மதிப்பிட என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்தான்: இரவு படுக்கப் போகும் நேரத்தில் அவர் உள்ளபடியே எத்தனை கிராம் புரதத்தை விழுங்கியிருக்கிறார் என்பது. டப்பாவின் முகப்பில் எத்தனை வைட்டமின்கள் எண்ணிக் காட்டப்பட்டிருக்கின்றன, எந்த நிபுணர் பரிந்துரைப்பதாக அச்சிடப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எழுபதைக் கடந்த என் அப்பாவுக்குப் புற்றுநோய் காரணமாக இரைப்பையின் பெரும்பகுதி அகற்றப்பட்ட பின், நீரில் கலக்கும் மாவு, உடனே குடிக்கக்கூடிய வழக்கமான பாட்டில், சிறிய அளவில் செறிவூட்டப்பட்ட பாட்டில், பழச்சாறு போன்ற தெளிந்த பானம் என நான்கு வகைகளையும் வெவ்வேறு கட்டங்களில் பயன்படுத்தினோம். அந்த அனுபவத்தையும், எங்களுக்கு வாய்த்த டயட்டீஷியன் சொல்லிக் கொடுத்த கணக்கையும் சேர்த்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் எந்தப் பொருளை வாங்கினாலும் குருட்டாம்போக்காகத்தான் இருக்கும். மருத்துவ ஊட்டச்சத்துக்கான ஐரோப்பியச் சங்கமான எஸ்பென் புற்றுநோயாளிகளுக்கு வகுத்திருக்கும் வழிகாட்டுதல், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோகலோரியும், 1 கிராமுக்குக் குறையாமல் முடிந்தால் 1.5 கிராம் வரை புரதமும் தேவை என்கிறது. முதுமையில் தசைகள் புரதத்தை எடுத்துக்கொள்ளும் திறன் மந்தமாகிவிடுவதாலும், அறுவைச் சிகிச்சையின் அழற்சி தசையைக் கரைத்துவிடுவதாலும், நோயுற்ற முதியவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்றே பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 60 முதல் 75 கிராம் புரதம். தட்டில் வைத்த உணவில் பாதியை மட்டுமே உண்பவருக்கு முப்பது கிராமுக்கு மேல் துண்டு விழும். ஊட்டக்குறைவுள்ள முதியவருக்குத் தரப்படும் பானங்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிலோகலோரியும் 30 கிராம் புரதமும் கொடுக்க வேண்டும், குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும் என்று அதே சங்கத்தின் முதியோருக்கான வழிகாட்டுதல் சொல்வதும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. தீவிரச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தாது. அவர்களுடைய வரம்பைச் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இந்த முப்பது கிராமைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், அடுக்கில் இருக்கும் பொருட்களில் பாதி தாமாகவே கழிந்துவிடும். மாவு வகைகளில் பெரும்பாலானவை, சொல்லப்பட்ட அளவில் கலந்தால், ஒரு கோப்பைக்குச் சுமார் 230 கிலோகலோரியும் ஒன்பது கிராம் அளவில் புரதமும் தருகின்றன. ஆக, முப்பது கிராமை எட்ட மூன்று கோப்பைக்கு மேல், அதாவது ஏறக்குறைய முக்கால் லிட்டர் திரவம் குடிக்க வேண்டும். உணவோடு சேர்த்து அவ்வளவு திரவத்தை, வயிற்றைப் பறிகொடுத்த ஒருவரோ நான்கு வாய்க்கு மேல் எதுவும் இறங்காத ஒருவரோ எங்கே கொள்ள முடியும்?

மாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். டப்பாவுக்குள் கிடக்கும் கரண்டி சிறியது. எங்களுக்கு வாய்த்த பொருளில் ஒரு கோப்பைக்கு ஆறு கரண்டி, அதுவும் தலைதட்டி எடுத்த ஆறு கரண்டி போட வேண்டும் என்று பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் பானங்களைப் பழகிய கை தன்னிச்சையாக இரண்டு கரண்டியோடு நின்றுவிடுகிறது. பார்வைக்குப் பானம் போலவே இருக்கும். உள்ளே இருப்பதோ மூன்றில் ஒரு பங்கு. நோயாளி மூன்று வேளையும் மறுக்காமல் குடிக்கிறார், ஆனாலும் எடை இறங்கிக்கொண்டே போகிறது என்று புலம்புபவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை கரண்டி என்பதுதான். கொதிக்கும் நீரில் கலந்தால் புரதம் திரிந்து கட்டி தட்டிவிடும், சில வைட்டமின்களும் கெடும். நீரை முதலில் ஊற்றி, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கினால் கட்டி விழாது. இவ்வளவு சொன்ன பிறகும், சமையலில் சேர்க்க உதவும் என்ற ஒரு காரணத்துக்காக மாவை நான் முற்றிலும் தள்ளிவிட மாட்டேன்: நோயாளி விரும்பி உண்ணும் ஏதோ ஒரு மென்மையான உணவில் இரண்டு கரண்டி கலந்துவிட்டால், அவர் பானம் என்றே அறியாமல் சில கிராம் புரதம் உள்ளே போய்விடும்.

உடனே குடிக்கக்கூடிய பாட்டில்களில் வழக்கமான வகை மில்லிலிட்டருக்கு ஒன்றரைக் கிலோகலோரி கொடுக்கிறது. இருநூறு மில்லிலிட்டர் பாட்டிலில் 300 கிலோகலோரி. கலக்கும் வேலை இல்லை, அளவில் தவறு நேர வழியும் இல்லை. அடுத்த படியில் இருப்பவை செறிவூட்டப்பட்டவை. ஃப்ரெசுபின் 2 கிலோகலோரி என்ற பானத்தில் இருநூறு மில்லிலிட்டரில் 400 கிலோகலோரியும் 20 கிராம் புரதமும் அடங்கியிருக்கின்றன. ஃபோர்டிசிப் காம்பாக்ட் புரோட்டீன் என்ற சிறு பாட்டிலில் வெறும் 125 மில்லிலிட்டரில் 300 கிலோகலோரியும் 18 கிராம் புரதமும் கிடைக்கின்றன. ஒரே பெயரில் விற்கும் பொருளின் கலவை நாட்டுக்கு நாடு மாறக்கூடும் என்பதால் கையில் உள்ள லேபிளைத்தான் இறுதியாக நம்ப வேண்டும். ஆனால் பொதுவான உண்மை மாறாது: இரண்டு சிறிய பாட்டில்களில், கால் லிட்டர் திரவத்தில், முப்பது கிராமைத் தாண்டிவிடலாம். பசியற்ற முதியவருக்கு என் முதல் தேர்வு எப்போதும் இந்தச் சிறிய பாட்டில்தான்.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். செறிவு கூடக் கூடப் பானம் பாகு போலத் தடிக்கிறது, நாக்கில் ஒட்டிக்கொள்கிறது, குடித்து முடித்த பின்னும் ஓர் இனிப்பு வாயை விட்டுப் போவதில்லை. அப்பா முதல் பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு, "இதை மருந்துன்னு குடு, குடிச்சிடறேன், சாப்பாடுன்னு சொல்லாதே" என்றார். அவர் சொன்னதில் ஒரு வழியும் இருந்தது. மருந்து கொடுக்கும் நேரங்களில் மாத்திரையை விழுங்கத் தண்ணீருக்குப் பதிலாக இத்தகைய பானத்தைச் சுமார் அறுபது மில்லிலிட்டர் கொடுப்பது பல மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் உள்ள நடைமுறை. நாளுக்கு நான்கு முறை அப்படிக் கொடுத்தால் கால் லிட்டர் தானாகப் போய்விடுகிறது. உணவு நேரத்துப் பசியையும் அது கெடுப்பதில்லை. முழுப் பாட்டிலையும் முன்னால் வைத்தால் மலைத்துப்போகும் மனிதர், மருந்துக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தால் மறுபேச்சின்றி விழுங்கிவிடுகிறார்.

குளிர்வித்துக் கொடுத்தால் வாடை அடங்கும், இனிப்பும் மட்டுப்படும். அறுவைச் சிகிச்சைக்கு முன்னோ பின்னோ கீமோதெரபி எடுப்பவர்களுக்கு வாயில் உலோகச் சுவை தட்டும். அவர்கள் மூடியுள்ள குவளையில் உறிஞ்சுகுழல் வைத்துக் குடித்தால் வாடை மூக்கை எட்டாது. ஒரே சுவையைப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குவதைப் போன்ற வீண் செலவு வேறில்லை. முதல் வாரம் பிடித்த சுவை மூன்றாம் வாரம் குமட்டும். கலந்து வாங்குவதே நல்லது. திறந்த பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது பெரும்பாலான லேபிள்களில் இருக்கும் விதி. படுக்கை ஓரத்தில் காலையில் திறந்து வைத்ததை மாலையில் கொடுப்பது, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த ஒருவருக்குச் செய்யக் கூடாத காரியம்.

இனி, பானம் சரியாக இருந்தும் வயிறு ஏற்காமல் போகும் சங்கதிக்கு வருகிறேன். லேபிள்களில் கிட்டத்தட்ட எங்குமே இது எழுதப்பட்டிருப்பதில்லை என்பது என் பெரிய மனக்குறை. இரைப்பை முழுவதுமாகவோ பகுதியாகவோ அகற்றப்பட்டவர்களுக்கு, உண்டதும் குடித்ததும் தங்கி இருந்து மெல்ல மெல்ல இறங்குவதற்கான இடம் போய்விடுகிறது. சர்க்கரை மிகுந்த அடர்ந்த திரவம் சிறுகுடலுக்குள் மொத்தமாகப் பாய்ந்தால், அதை நீர்க்கச் செய்வதற்காக இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் வயிறு முறுக்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், தலை சுற்றும், வயிற்றுப்போக்கு வரும். இதை டம்பிங் என்கிறார்கள். இதற்கு ஒரு பின்கட்டமும் உண்டு: ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, அளவுக்கு மீறிச் சுரந்த இன்சுலினால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் மயக்கமும் வரும். ஊட்டம் தருவதற்காக அன்போடு நீட்டிய பானத்தை மடமடவென்று குடித்த முதியவர், எழுந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் தள்ளாடி விழுந்தால், இடுப்பெலும்பு முறிவுக்கு இன்னொரு அறுவைச் சிகிச்சை என்று போய் நிற்கும். ஆகவே இந்த நோயாளிகளுக்கு ஒரு பாட்டிலை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை நீட்டி, மிடறு மிடறாகக் கொடுக்க வேண்டும். திட உணவோடு சேர்க்காமல் அரை மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சர்க்கரை குறைந்து கொழுப்பும் புரதமும் கூடிய வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் அடர்ந்த பானத்தைச் சம அளவு நீர் சேர்த்து இளக்கித் தொடங்கி, சில நாட்களில் படிப்படியாக நீரைக் குறைத்தது நன்றாக ஒத்துவந்தது.

இதே காரணத்தால்தான் பழச்சாறு போன்ற தெளிந்த பானத்துக்கு எங்கள் வீட்டில் இடமில்லாமல் போயிற்று. பால் வாடை பிடிக்காதவர்களுக்கு அது வரப்பிரசாதம் என்பதை மறுக்கவில்லை. குடிப்பதற்கு இலேசாகவும் இருக்கிறது. ஆனால் அதில் கொழுப்பு இல்லை, சக்தியின் பெரும்பகுதி சர்க்கரையிலிருந்து வருகிறது, புரதமும் பால் வகையைவிடக் குறைவு. டம்பிங் உள்ளவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் அது இரண்டாந்தரத் தேர்வுதான்.

அறுவை நடந்த உறுப்பு எதுவோ, அதற்கேற்பப் பானத்தோடு வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கணையத்தில் அறுவை நடந்தவர்கள் உணவோடு எடுக்கும் செரிமான நொதி மாத்திரையை இந்தப் பானங்களோடும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் குடித்த கொழுப்பு மிதக்கும் மலமாக வெளியேறிவிடும், புரதமும் முழுதாக உடம்பில் ஒட்டாது. சிறுகுடலை வயிற்றில் திறந்து பை பொருத்தியவர்களுக்கு அடர்ந்த இனிப்புப் பானம் பையில் சேரும் நீரின் அளவைக் கூட்டிவிடும். அது நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் பானத்தை மாற்றச் சொல்லி மருத்துவக் குழுவிடம் பேச வேண்டும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு அறுவை நடந்தவருக்கு, விழுங்கும்போது புரையேறுகிறதா என்று பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்லும் தடிப்பு நிலையில்தான் கொடுக்க வேண்டும். இரைப்பை அகற்றப்பட்டவருக்கு வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதற்கான காரணி சுரக்காது என்பதால் பாட்டிலில் உள்ள சிறு அளவை நம்பியிருக்க முடியாது. அதை ஊசியாகவோ உயர் அளவு மாத்திரையாகவோ மருத்துவர் தனியே கொடுப்பார்.

முதியவர்களிடம் ஏற்கெனவே ஒரு மருந்துப் பட்டியல் இருக்கும் என்பதையும் விற்பனையாளர்கள் மறந்துவிடுகிறார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் வைட்டமின் கே உள்ள பானத்தைத் திடீரெனத் தொடங்கினாலோ நிறுத்தினாலோ இரத்தம் உறையும் அளவு மாறும். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபாவின் உறிஞ்சுதலைப் புரதம் குறைக்கும். தைராய்டு மாத்திரையைப் பானத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் தடுக்கும். மருந்து நேரத்தில் பானம் கொடுக்கலாம் என்று மேலே எழுதினேன் அல்லவா, அது இந்த மூன்று மருந்துகளையும் மருந்தாளரிடம் கேட்டு ஒதுக்கிய பிறகுதான்.

லேபிளின் பெருமைகளில் இரண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். தசையைக் காக்கும் என்று சொல்லி எச்எம்பி என்ற பொருள் சேர்த்த பானங்கள் உண்டு. 2016இல் வெளியான நூரிஷ் என்ற ஆய்வு, ஊட்டக்குறைவோடு மருத்துவமனையில் சேர்ந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எச்எம்பி சேர்த்த உயர்புரதப் பானத்தைக் கொடுத்துப் பார்த்தது. இறப்பையும் மீண்டும் மருத்துவமனையில் சேர்வதையும் ஒன்றாக எண்ணியபோது வேறுபாடு தெரியவில்லை. தொண்ணூறு நாட்களுக்குள் நேர்ந்த இறப்பை மட்டும் எண்ணியபோது பானம் குடித்தவர்களிடம் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் இதய, நுரையீரல் நோயாளிகள். புற்றுநோய் அறுவை நடந்தவர்கள் அல்லர். நல்ல செய்திதான், நம் நோயாளிக்கான உத்தரவாதமாக அதைக் கொள்ள முடியாது. இன்னொன்று, அர்ஜினின், ஒமேகா-3, நியூக்ளியோடைடு சேர்த்த இம்பாக்ட் போன்ற பானங்கள். பெரிய புற்றுநோய் அறுவைக்கு உட்படும் ஊட்டக்குறைவுள்ள நோயாளிகளுக்கு, அறுவையை ஒட்டிய நாட்களில் தொற்றுகளைக் குறைக்க இவை உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது. வழிகாட்டுதல்களும் அந்த இடத்தில் பரிந்துரைக்கின்றன. வீட்டுக்கு வந்து வாரக்கணக்கான பிறகு அதையே வாங்கிக்கொண்டிருப்பதற்கு அந்தச் சான்றை நீட்ட முடியாது. சத்து கொடுத்தால் கட்டி வளரும் என்று அஞ்சிப் பட்டினி போடும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை: ஊட்டம் கொடுப்பதை அந்த அச்சத்துக்காக நிறுத்தக் கூடாது என்பதே எஸ்பெனின் நிலைப்பாடு.

இத்தனையையும் ஒரு குடும்பம் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். எங்களை வீட்டுக்கு அனுப்பிய மருத்துவமனையின் விடுவிப்புத் தாளில் உணவுக்கு எதிரே "உயர் புரத உணவு" என்ற இரண்டரைச் சொல் மட்டும் இருந்தது. எவ்வளவு, எதில், எத்தனை வேளை என்று எதுவுமில்லை. பிறகு வெளியே பார்த்த டயட்டீஷியன்தான் மூன்று நாள் உணவை எழுதி வரச் சொல்லி, துண்டு விழும் அளவைக் கணக்கிட்டு, பானத்தின் வகையையும் நேரத்தையும் குறித்துக் கொடுத்தார். 2019இல் வெளியான எஃபர்ட் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வில், எட்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளில், டயட்டீஷியன் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இலக்கு வைத்து உணவூட்டிய பிரிவில் ஒரு மாதத்துக்குள் நேர்ந்த இறப்புகள் குறைவாக இருந்தன. அவர்கள் அறுவை நோயாளிகள் அல்லர் என்றாலும், அங்கே வேலை செய்தது தனித்த ஒரு பாட்டில் அல்ல, ஆளுக்கேற்ற திட்டம். டயட்டீஷியன் சேவைக்கும் பானத்துக்கும் ஆளுக்கு ஒரு மதிப்பெண் போடச் சொன்னால், முன்னதற்கே கூடுதலாகப் போடுவேன்.

அவர் இல்லாமல் செய்யவே கூடாத ஒன்றும் இருக்கிறது. பத்து நாட்களுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே உண்ணாத, அல்லது மிக மெலிந்துவிட்ட முதியவருக்கு, ஈடுகட்டும் ஆவலில் முதல் நாளே நான்கு பாட்டில்களைக் கொடுத்தால், இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். அத்தகையவருக்குத் தயமின் என்ற வைட்டமின் பி1 கொடுத்து, இரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே, குறைந்த அளவில் தொடங்குவார்கள்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பது கடைசிக் கேள்வி. இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தின் அளவைப் பிடித்துக்கொண்டு பலரும் கவலைப்படுகிறார்கள். அது அழற்சியிலும் தாழும் என்பதால் ஊட்டத்தின் அளவுகோலாகக் கொள்வதில்லை. எடை பயனுள்ளது, ஆனால் காலில் நீர் கோத்திருந்தால் அது ஏமாற்றும். ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில், காலையில் சிறுநீர் கழித்த பின் எடையும், கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவும், நாற்காலியிலிருந்து கைப்பிடியைப் பற்றாமல் எழ முடிகிறதா என்பதும் குறித்து வைத்தால் போதும். கூடவே எழுந்து நடக்கவும் கைகால்களுக்குச் சிறு பளு கொடுக்கவும் வேண்டும். அசையாத தசையில் புரதம் தங்காது. மாதம் ஒருமுறை குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு டயட்டீஷியனைப் பார்த்து, தட்டில் வைத்த உணவு பெரும்பாலும் தீர்கிறது, எடையும் நின்றுவிட்டது என்று தெரிந்தால் பாட்டிலை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்து, மீண்டும் எடை சரியவில்லை என்றால் அதையும் நிறுத்திவிடலாம். அலமாரியில் மிச்சமிருக்கும் பெட்டி வீணாகிவிடுமே என்பதற்காக ஒருவர் தொடர்ந்து குடிக்க வேண்டியதில்லை.